காஷ் பூவும் கரும்பும்

சிவ்பூர் தாவரவியல் பூங்காவைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் கொல்கத்தாவில் அநேகமாக இருக்காது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் காளிகாட், தட்சிணேஸ்வரம், விக்டோரியா மண்டபம், கடைசியில் சிவ்பூர் ஆலமரம் என்று நம் எல்லோரிடமும் ஒரே அட்டவணைதான்! அந்த ஆலமரத்தின் அடிமரம் பூஞ்சை நோய் கண்டு 1925-ஆம் ஆண்டில் வெட்டி அகற்றப்பட்டுவிட்டது. இன்று அதைத் தாங்கி நிற்பவை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதைத் தோப்பு என்றே சொல்வார். ஆனால் அது தோப்பல்ல, ஒரே மரம்.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. கண்ணுக்கு அண்ணன் தம்பி போலத் தெரியும் இரண்டு செடிகள், உண்மையில் ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் இருக்கும். யார் யாருக்கு எந்த வகையில் உறவு என்பதை இலையையும் பூவையும் பார்த்தே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாவரவியலார் தீர்மானித்து வந்தார்கள். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாக மரபணு என்ற புதிய சாட்சி வந்து நிற்கிறது. பழைய தீர்ப்புகளில் பலவற்றை அது உறுதி செய்திருக்கிறது. சிலவற்றைத் தலைகீழாகப் புரட்டியும் இருக்கிறது.

இந்த விஞ்ஞானத்தை நம் நாட்டுச் செடிகளுக்குப் பயன்படுத்துவது ஆய்வுக்கூடத்து ஆடம்பரம் அல்ல, நம் வீட்டுச் சர்க்கரை டப்பா வரைக்கும் வருகிற விஷயம் என்பது என் கருத்து. அத்துடன் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன். கரையிலும் வரப்பிலும் கேட்பாரற்று முளைக்கும் செடிகளை உயிரோடு வைத்திருந்தால்தான் இந்த விஞ்ஞானத்தால் நமக்குப் பலன். செடி போனபின் இயந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

'ரயில்வேக்காரனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் படித்தது சிவில் டிப்ளமோ. வேலை பார்த்தது தண்டவாளத்திலும் மண்கரையிலும். ஆனால் மண்கரையைப் பராமரிப்பவனுக்குச் செடிகொடி அன்றாட சமாசாரம். எந்தப் புல் மண்ணைப் பிடிக்கும், எந்த வேர் கரையைப் பிளக்கும், எது சிக்னலை மறைக்கும் என்று பார்த்துப் பார்த்தே காலம் போயிற்று. ஓய்வு பெற்றபின் அவற்றைப் பற்றிப் படிக்க நேரம் கிடைத்தது.

இரண்டு எஞ்சின்கள்

உறவுமுறை என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த துறையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் ரயில்வேயில் டபிள்யூ.டி.எம்.-2 என்ற டீசல் எஞ்சினை அறியாதவர் இல்லை. அகலப் பாதை, டீசல், பயணி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் பொது என்பதே அந்த மூன்று எழுத்துகளின் பொருள். டபிள்யூ.டி.எம்.-4 என்று இன்னொன்றும் இருந்தது. இரண்டும் 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பெயரையும் வேலையையும் பார்த்தால் உடன்பிறப்புகள் என்றே தோன்றும். ஆனால் முதலாவது ஆல்கோ கம்பெனியின் வம்சம். இரண்டாவது ஜெனரல் மோட்டார்ஸ் வம்சம். ஒன்றின் பிஸ்டன் மற்றதற்குப் பொருந்தாது.

மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.டி.எம்.-4 எஞ்சினோ பெயரிலும் வேறு, உயரம், அகலம், சக்கர இடைவெளி எல்லாவற்றிலும் வேறு. ஆனால் மூடியைத் திறந்து பார்த்தால் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினின் தம்பி என்று தெரியும். அதே ஆல்கோ 251 வகை எஞ்சின்தான். அண்ணனுக்குப் பதினாறு சிலிண்டர், தம்பிக்கு ஆறு. பழுது பார்க்கிறவனுக்கு வெளியே எழுதியிருக்கும் பெயர் உதவாது. உள்ளே இருக்கும் வம்சம்தான் உதவும்.

செடிகளிடமும் இதே கதைதான். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் நான்கே எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. தலைமுறைக்குத் தலைமுறை பிரதி எடுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை விழும். பழைய ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தவர்கள் செய்த பிழையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து படியெடுத்தவை என்று பதிப்பாசிரியர் ஊகிப்பார் அல்லவா? உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது போலவே தாவரவியலார் இன்று டி.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் நெருங்கிய உறவு. அதிகமாக இருந்தால் தூரத்து உறவு.

தாமரையின் பங்காளிகள்

தாமரையையும் அல்லியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் குளத்தில் பூக்கின்றன. இரண்டுக்கும் வட்ட இலை. பல அடுக்கு இதழ். வெகுகாலம் தாவரவியல் புத்தகங்களும் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தன. தாமரையின் மகரந்தத்தில் மூன்று பிளவுகள் இருக்கின்றன, அல்லியின் மகரந்தம் அப்படி இல்லை என்று சந்தேகப்பட்டவர்கள் முன்பே உண்டு. 1990-களில் மரபணுவை ஒப்பிட்டபோது சந்தேகம் தீர்ந்தது. பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் மிக ஆரம்பத்திலேயே பிரிந்துபோன கிளை அல்லி. தாமரை வேறு கிளை. அதன் பங்காளி யார் தெரியுமா? காஷ்மீரத்துச் சினார் மரம்! நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் ஆஸ்திரேலிய சில்வர் ஓக் மரமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

தண்ணீரில் மிதக்கும் கொடிக்கும் பனிமலை அடிவாரத்து மரத்துக்கும் என்ன உறவு என்று சிரிப்பு வரலாம். பிரிந்து பத்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சினார் கரையில் நின்று மரமாயிற்று. தாமரை நீரில் இறங்கிற்று. நீரில் வாழ என்ன தேவையோ அதை அல்லியும் தாமரையும் தனித்தனியாகச் சம்பாதித்துக்கொண்டன. ஆகவே உருவ ஒற்றுமை அவை வாழும் இடத்தைத்தான் சொல்கிறது. பிறந்த வீட்டைச் சொல்வதில்லை. முருங்கைக்கும் இப்படி ஒரு ஆச்சரியம் உண்டு. நாம் சாம்பாரில் போடும் முருங்கைக்காயும், தாளிக்கும் கடுகும், மரத்தில் பழுக்கும் பப்பாளியும் ஒரே பெரும் வம்சத்தைச் சேர்ந்தவை.

பெயரை இழந்த கருவேலம்

சில தீர்ப்புகள் மனத்தாங்கலையும் உண்டாக்கின. நம் ஊரில் கருவேலம் என்கிறோம். இங்கே பாப்லா, இந்தியில் பபூல். இதன் விஞ்ஞானப் பெயர் அகேசியா என்றுதான் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு ஆதார இனமாக வைக்கப்பட்டிருந்ததும் இதே கருவேலம்தான். ஆனால் அகேசியா என்ற ஒரே பெயரின் கீழ் இருந்த மரங்கள் ஒரே வம்சம் அல்ல, பல வம்சங்கள் என்று மரபணு காட்டியது. ஒன்றாக இருந்த குடும்பம் பாகப்பிரிவினை ஆயிற்று. பெயர் யாருக்கு என்று வழக்கு எழுந்தது. ஆஸ்திரேலியக் கிளையில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள். அத்தனைக்கும் பெயர் மாற்றுவதைவிட மற்றவர்களுக்கு மாற்றுவது சுலபம் என்று 2005-இல் வியன்னா மாநாட்டில் முடிவாயிற்று. 2011-இல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதி செய்தது. நம் கருவேலம் இப்போது வச்செலியா. வெற்றிலைக்குக் காசுக்கட்டி தரும் கருங்காலி மரம் செனகாலியா. சாந்திநிகேதனில் சோனாஜுரி என்றும் மற்ற இடங்களில் ஆகாஷ்மணி என்றும் சொல்லும், ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்த மரம் மட்டும் அகேசியாவாகவே இருக்கிறது.

வீட்டுக்காரனைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு விருந்தாளியை உள்ளே உட்கார வைத்த கதை என்று இதைப் பலர் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் எனக்குப் பங்கு இல்லை. பெயர் யாருக்கு என்பது மாநாட்டில் கை தூக்கி முடிவு செய்த விஷயம். அதில் நியாயம் அநியாயம் பேசலாம். ஆனால் கருவேலமும் ஆகாஷ்மணியும் ஒரே வம்சம் அல்ல என்பது கை தூக்கி முடிவு செய்தது அல்ல, செடிக்குள்ளேயே எழுதியிருந்தது. 'இரண்டும் அகேசியாதானே, பபூல் இருந்த இடத்தில் ஆகாஷ்மணியை வைத்தால் என்ன?' என்று நினைப்பவருக்கு இனி அந்தச் சமாதானம் கிடையாது. எனக்கு அதுவே லாபம்.

பூஜை காலத்து வெள்ளைப் பூ

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் வங்காளத்தில் பூஜை வந்துவிட்டது என்று அறிவிப்பது காஷ் பூதான். ஆற்று மணலிலும் ரயில் பாதையின் ஓரத்திலும் ஆள் உயரத்துக்குமேல் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் அக்காளும் தம்பியும் ரயிலைப் பார்க்க ஓடுவது இந்தக் காஷ் காட்டுக்குள்தான். தமிழில் நாணல் என்று பொதுவாகச் சொல்லும் புற்களில் ஒன்று இது. பேய்க்கரும்பு என்றும் சொல்வதுண்டு.

பாதையோரத்தில் வேலை பார்த்த எங்களுக்கு அது தொல்லையும் கொடுக்கும், உதவியும் செய்யும். பார்வையை மறைக்கிறது என்று வெட்டுவோம்; மறு மழைக்கு மறுபடியும் நிற்கும். நிலத்தடித் தண்டு ஓடி ஓடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளத்தில் கரை கரைந்த இடத்தில் முதலில் வந்து குடியேறுவதும் இதுதான். வெள்ளம், வறட்சி, உவர் மண், குளிர் எதற்கும் அஞ்சாது. சர்க்கரை மட்டும் கிடையாது. பேய்க்கரும்பு என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

இன்று உலகம் சாப்பிடும் கரும்புச் சர்க்கரை முழுவதிலும் இந்தப் பேய்க்கரும்பின் ரத்தம் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா?

அந்தக் கதையின் நடுப்பகுதி நம் கோயம்புத்தூரில் நடந்தது. பருத்த, சாறு நிறைந்த கரும்பு நியூகினித் தீவில் பயிராக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. அது வெப்பத்துக்குப் பிறந்த பிள்ளை. வட இந்தியக் குளிரைத் தாங்காது, நோய்க்கும் சுலபமாகப் பலியாகும். வடக்கே பயிரானவை மெல்லிய, மகசூல் குறைந்த கரும்புகள். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கியது. அங்கேதான் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற பருத்த கரும்பைக் காட்டுப் பேய்க்கரும்போடு கலந்தார்கள். பிறந்த பிள்ளைக்குக் கோ-205 என்று எண். 'கோ' என்பது கோயம்புத்தூர். 1918-இல் அது பஞ்சாபுக்குப் போனது. தாயிடமிருந்து சர்க்கரை, தகப்பனிடமிருந்து குளிரைத் தாங்கும் உறுதி. அதன் பின் வந்த கோ வரிசைக் கரும்புகள் வட இந்திய வயல்களை மாற்றின, வெளிநாடுகளுக்கும் போயின. கோயம்புத்தூரிலிருந்து வடக்கே குடியேறிப் பேர் வாங்கியவர்களில் முதல் மரியாதை இந்தக் கரும்புக்குத்தான் தர வேண்டும்!

கலப்பு செய்தவர்கள் கண்ணால் பார்த்துச் செய்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. இ.கே.ஜானகி அம்மாள் 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் படித்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1930-களில் கோயம்புத்தூர் நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தார். டி.என்.ஏ. இழை சுருண்டு கிடக்கும் கட்டுக்குத்தான் குரோமோசோம் என்று பெயர். மனிதருக்கு 46. நியூகினிக் கரும்புக்கு 80. பேய்க்கரும்புக்கோ ஓரிடத்தில் 40, இன்னோரிடத்தில் 64, வேறிடத்தில் 128 வரை! ஒரே புல் என்று நாம் நினைப்பது உள்ளுக்குள் ஒரே மாதிரி இல்லை. ஒரு செடியின் குரோமோசோம் தொகுதி முழுசாக இரட்டிப்பதும் பெருகுவதும் புதிய வகைகள் உருவாகும் ஒரு வழி. எந்தப் பகுதியில் எந்த எண்ணிக்கை என்று வரைபடம் போட்டால் அந்தப் புல் பரவிய வழி தெரியும். பேய்க்கரும்பின் பூர்வீகத்தை இந்தியாவில் தேடத் துணை செய்தது அந்த வேலைதான்.

ஜானகி அம்மாள் பிறகு இங்கிலாந்து சென்று, சி.டி.டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை 1945-இல் வெளியிட்டார். பிரதமர் நேருவின் அழைப்பில் திரும்பி வந்து, நம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை 1952-இல் ஏற்றார். முதிய வயதில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே மதுரவாயலில் காலமானார். அந்த ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குரோமோசோமை எண்ணியவர் கடைசியில் காட்டைக் காக்க வந்து நின்றது தற்செயல் அல்ல. செடிக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்தவருக்கு, அந்த ஏடு எரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அவர் எண்ணியதை இன்று எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். பேய்க்கரும்பின் மரபணுத் தொகுதி 2018-இல் வெளியாயிற்று. ரீயூனியன் தீவின் ஒரு பயிர்க் கரும்பினுடையது 2024-இல் வெளியாயிற்று. மனிதனுடையதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது என்பதால் இவ்வளவு தாமதம். நவீனக் கரும்பின் குரோமோசோம்களில் சுமார் எண்பது சதவிகிதம் நியூகினித் தாயின் வழி. பத்து, பதினைந்து சதவிகிதம் பேய்க்கரும்பு வழி. மீதி இரண்டும் பின்னிப் பிணைந்தவை. பார்பரின் பெயரையே சூட்டி 'சக்காரம் பார்பெரி' என்று தனி இனமாக வைத்திருந்த பழைய வட இந்திய மெல்லிய கரும்புகளையும் சோதித்தார்கள். அவையும் அதே இருவரின் கலப்பு என்று 2002-இல் தெரிந்தது. கோயம்புத்தூரில் மனிதர் திட்டமிட்டுச் செய்ததை, வடக்கே இயற்கை எப்போதோ செய்து வைத்திருந்தது!

இயந்திரம் மட்டும் போதுமா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'அப்படியானால் இலையை எண்ணும் பழைய தாவரவியலார் எதற்கு? எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டால் போயிற்று' என்பவர்கள் உண்டு. இதை நான் மறுக்கிறேன். முதல் காரணம்: இயந்திரம் எழுத்தைப் படிக்கும், இது எந்தச் செடியின் எழுத்து என்று சொல்வதற்கு ஆள் வேண்டும். செடியைச் சரியாக இனம் கண்டு, உலர்த்தி, எங்கே எப்போது பறித்தது என்று எழுதி ஒட்டி வைத்த மாதிரி இல்லாவிட்டால், டி.என்.ஏ. வரிசை என்பது முகவரி இல்லாத கடிதம். சிவ்பூரில் அந்த ஆலமரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மத்திய தேசிய உலர்தாவரத் தொகுப்பில் ஏறத்தாழ இருபது லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. பழைய உலர்ந்த இலையிலிருந்தும் இன்று டி.என்.ஏ. எடுக்க முடிகிறது. நாம் ஆலமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பக்கத்திலிருக்கும் அந்தக் கட்டிடம் நமக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது காரணம்: எழுத்தைப் படிப்பதிலும் ஏமாற இடம் உண்டு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. எடுப்பது சுலபம் என்பதால் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலான பூக்கும் செடிகளில் அது தாய்வழியில் மட்டும் வரும். கோ-205 போன்ற கரும்பில் அதை மட்டும் பார்த்தால் தாயான வெள்ளைக் கரும்புதான் தெரியும். தகப்பனான பேய்க்கரும்பின் சுவடே தெரியாது. தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் போய்விட்டு, மாப்பிள்ளைக்குச் சித்தப்பா பெரியப்பாவே கிடையாது என்று சொல்வது போல! வயலில் செடியைப் பார்த்தவர் இது கலப்பு என்று சந்தேகப்பட்டால்தான் ஆய்வுக்கூடத்துக்காரர் தகப்பன் வழியையும் தேடுவார். இருவரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் பெரிது. இயந்திரம் இருப்பதைப் படிக்கும், இல்லாததைப் படிக்காது. உத்தரப் பிரதேசத்தில் 2009-இல் வெளியிடப்பட்ட கோ-0238 என்ற கரும்பு சில ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. விவசாயிக்கும் ஆலைக்கும் நல்ல லாபம். ஆனால் அண்மை ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் அதைத் தாக்கத் தொடங்கியது. வயல் முழுவதும் ஒரே வகை இருந்தால் நோய்க்கு வழி திறந்த வீடுதான். அடுத்த வகைக்கு எதிர்ப்புச் சக்தியை எங்கிருந்து கொண்டுவருவது? மறுபடியும் காட்டு உறவினரிடம்தான் போக வேண்டும். கண்ணூரிலும் கோயம்புத்தூரிலும் கரும்பின் உறவினங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் சேர்த்து வைத்தது அன்று பறித்த செடி. ஆற்றங்கரையில் நிற்கும் செடி ஆண்டுதோறும் புது வெயிலுக்கும் புது நோய்க்கும் ஈடுகொடுத்துத் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்டகமும் வேண்டும், கரையும் வேண்டும்.

மேகாலயத்தின் காரோ மலையில் நோக்ரெக் என்ற இடத்தில் காட்டு எலுமிச்சை இனங்களுக்கென்றே ஒரு சரணாலயம் வைத்திருக்கிறார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பம் கிளைவிட்டது கிழக்கு இமயமலை அடிவாரப் பகுதியில் என்று 2018-இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. கடையில் வாங்கும் ஸ்வீட் ஆரஞ்சுகூட, கமலா வகைக்கும் பம்பளிமாஸ் வகைக்கும் பிறந்த கலப்புதான். இது நம் வீட்டுக் கொல்லை என்று சொல்லத்தக்க தூரத்தில் இருக்கும் செல்வம். காஷ் புல்லுக்கு அப்படிச் சரணாலயம் கேட்கவில்லை. அது எங்கும் இருக்கிறதே என்பார்கள். எங்கும் இருப்பதைத்தான் நாம் முதலில் தொலைப்போம். ஓரிடத்தில் 40 குரோமோசோம், இன்னோரிடத்தில் 64 என்றால், எல்லா இடத்துப் புல்லும் ஒன்றல்ல. நகரத்தைச் சுற்றியுள்ள தாழ்நிலங்களை மண் கொட்டி மேடாக்கும்போது எந்த எண்ணிக்கை மறைகிறது என்று யார் எழுதி வைக்கிறார்கள்?

ஓர் எச்சரிக்கை

வம்சம், பூர்வீகம் என்று பேசத் தொடங்கினால் சிலருக்கு உடனே மனித வம்சம் நினைவுக்கு வந்துவிடும். யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி, யார் தூய ரத்தம் என்று கேட்கக் கிளம்புவார்கள். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். செடிகளின் கதை அவர்களுக்குத் துணைபோகாது. தூய வம்சத்து வெள்ளைக் கரும்பு பஞ்சாபின் குளிரில் நிற்கவில்லை. கலந்த கரும்புதான் நின்றது. இதே காஷ் புல் பனாமாக் கால்வாய்ப் பகுதிக்குப் போய் அங்கே காட்டை வளரவிடாத களையாகிவிட்டது என்பதும் உண்மை. சொந்த மண்ணில் பூச்சியும் நோயும் மாடும் அண்டை அயல் செடிகளும் அதை அளவோடு வைத்திருக்கின்றன. அங்கே அந்தக் கட்டு இல்லை. நாட்டுச் செடி என்பது பெருமைப் பட்டம் அல்ல. ஒரு மண்ணோடு நெடுங்காலம் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் செடி என்பதே அதன் பொருள்.

நாம் என்ன செய்யலாம்?

நம் வீட்டுப் பிள்ளைகளில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவப் படிப்பு கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போய்விட்டது என்று அவர்களை நாம் அழ விடுகிறோம். தாவரவியல் என்றால் 'அதைப் படித்து என்ன செய்வாய்?' என்று கேட்கிறோம். கணினியும் செடியும் இரண்டும் தெரிந்த ஆட்கள் இந்தத் துறைக்கு நிறையத் தேவைப்படுகிறார்கள். செடியை இனம் காணத் தெரிந்த மூத்த தலைமுறை ஓய்வு பெற்று வருகிறது. விருப்பமுள்ள ஒரு பிள்ளையை, ஒரு பெண்ணை நாம் தடுக்காமல் விட்டாலே பெரிய உபகாரம். ஜானகி அம்மாளைத் தடுக்காமல் விட்ட குடும்பம் ஒன்று நூறு ஆண்டுக்கு முன்பே இருந்தது.

நம் சங்கம் ஆண்டுதோறும் குழந்தைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறது. அடுத்த முறை சிவ்பூருக்குப் போகும்போது முன்கூட்டி அனுமதி வாங்கி உலர்தாவரத் தொகுப்பையும் காட்டச் சொல்லிக் கேட்போம். குழந்தைகள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரட்டும். தெருவில் பார்க்கும் ஒவ்வொரு செடிக்கும் தமிழ்ப் பெயர், வங்காளிப் பெயர், விஞ்ஞானப் பெயர் மூன்றையும் எழுதட்டும். முருங்கை இங்கே சஜ்னே. வேம்பு இங்கே நீம். ஆல் இங்கே பட். இரண்டு மொழி தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது எளிது. பாட்டியிடம் பெயர் கேட்க ஒரு சாக்கும் கிடைக்கும். எந்தக் கரையில் எந்த மாதத்தில் எது பூத்தது என்று எழுதி வைத்த குறிப்பு, பின்னாளில் ஆய்வாளருக்கும் பயன்படும்.

குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரம் நடு விழாவுக்கு நர்சரிக்காரர் கொடுப்பதை வாங்கி நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். இந்த மண்ணுக்குரியது எது என்று கேட்டு நடுங்கள். குளத்து ஓரத்தையும் சாலை ஓரத்தையும் 'சுத்தம்' செய்யும்போது முழுவதும் சுரண்டாமல் ஒரு பகுதியை அதன் போக்கில் விடுங்கள். ரயில்வேக்காரனாகச் சொல்கிறேன்: கரையைக் காப்பாற்ற சிமெண்டும் கல்லும் மட்டும் போதாது, புல்லும் வேண்டும்.

வரும் பூஜைக்கு ரசகுல்லாவும் சந்தேஷும் வாங்குவோம். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்போம். அந்த இனிப்புக்குப் பின்னால், ஹூக்ளிக் கரையில் தலையாட்டிக்கொண்டு நிற்கும் அந்த வெள்ளைப் பூவின் பங்கும் இருக்கிறது என்று குழந்தைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாரும் நடாத, யாரும் நீர் விடாத புல் அது. அதற்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிற்பதற்குக் கொஞ்சம் கரையை விட்டு வைப்பது.